"பாட்டு இல்லே சார்... பாடம்!"

மின்சார ரயிலில் காது பழகும் நர்ஸ்

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில். காலை நேரம். கால் வைக்க இடம் இல்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்த நமது நிருபரின் பக்கத்தில் ஓர் இளம்பெண். காதில் ஒயர். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, பழைய பாட்டா?" என்று கேட்டோம்.

"பாட்டு இல்லே சார், பாடம். துணி துவைக்கிறது எப்படின்னு ஒரு வெள்ளைக்காரர் சொல்லிட்டிருக்கார்" என்றார்.

துணி துவைக்க வெள்ளைக்காரரிடம் பாடமா? விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழில். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போக முயற்சி செய்கிறார். வேலை பார்க்கும் இடத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. "பேரு மட்டும் போட்டுடாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

இங்கிலாந்தில் நர்சாகப் பதிவு செய்ய இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பரீட்சை எழுதினால் படிப்பது, பேசுவது, கேட்பது மூன்றிலும் 7 வாங்க வேண்டும். எழுதுவதில் ஆறரை போதும். மருத்துவத் துறையினருக்கென்றே ஓ.இ.டி. என்று தனிப் பரீட்சையும் உண்டு. இவர் எழுதியது முதலாவது. படிப்பதில் 7 வந்தது. பேசுவதிலும் வந்தது. எழுதுவதும் தேறிவிட்டது. கேட்பதில் மட்டும் 6!

கட்டிய பணம் போச்சு. வட்டிக்கு வாங்கிய பணம் அது.

ஒரே தடவைதான்!

கேட்கும் பரீட்சை சுமார் அரை மணி நேரம். 40 கேள்வி. ஏறத்தாழ 30 சரியாக இருந்தால் 7 கிடைக்கும். ஆனால் பேச்சை ஒரே தடவைதான் போடுவார்கள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க ஆள் கிடையாது. பேசுகிறவர் லண்டன்காரராகவும் இருப்பார், ஆஸ்திரேலியாக்காரராகவும் இருப்பார்.

நடுவில் குழி வேறு வெட்டி வைத்திருப்பார்கள். "செவ்வாய்க்கிழமை வர்றேன்... இல்லே இல்லே, மன்னிச்சுக்குங்க, புதன்கிழமை" என்பார் ஒருவர். செவ்வாய் என்று அவசரப்பட்டு எழுதியவர் அம்பேல்! பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள். 'ஜி'யா 'ஜே'யா என்று யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி ஓடிவிடும். எழுத்துப்பிழை இருந்தாலும் மார்க் இல்லை.

"எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான் சார். பேப்பர்ல பார்த்தா புரியுது. காதுல விழுந்தா புரியலே" என்றார் நர்ஸ்.

காது செய்யும் கோளாறு அல்ல இது. நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள்?" என்று புத்தகத்தில் படித்துவிட்டு ஒரு வெளிநாட்டுக்காரர் கோயம்பேட்டில் வந்து இறங்குகிறார். அங்கே ஆட்டோக்காரர் கேட்கிறார்: "எங்க சார் போவணும்?" அவர் திருதிரு என்று விழிக்கமாட்டாரா?

இங்கிலீஷிலும் அதே கதைதான். 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று வாத்தியார் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஊர்க்காரர் வாயில் அது 'வாட்யா கன்னா டூ' என்று வருகிறது. 'கப் ஆஃப் டீ' என்பது 'கப்பா டீ'. 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்'. நாம் ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கொடுத்துப் பேசுகிறவர்கள். அவர்கள் முக்கியமான வார்த்தையை மட்டும் அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 'முடியும்' என்பதற்கு 'கேன்' என்று படித்தோம் அல்லவா? அமெரிக்கக்காரர் வேகமாகப் பேசும்போது அது 'கன்' என்று தேய்ந்துவிடும். 'முடியாது' என்பதில்தான் 'கேன்' பலமாக ஒலிக்கும், கடைசி 'ட்' தொண்டைக்குள் போய்விடும். ஆகவே 'கேன்' என்று அழுத்தமாகக் காதில் விழுந்தால் பெரும்பாலும் "முடியாது" என்று அர்த்தம்! நம்மில் எத்தனை பேர் தலையை ஆட்டி ஏமாந்தோமோ?

சிவப்பு மை நோட்டு

முதல் தடவை தோற்ற பிறகு நர்ஸ் வழியை மாற்றினார். சினிமா பார்ப்பதை விட்டார். "கீழே எழுத்து ஓடுது சார். கண்ணு படிக்குது, காது தூங்குது" என்கிறார். சரியான பேச்சு.

இப்போது தினம் ஒரு சின்னப் பேச்சு. இரண்டு நிமிஷத்துக்கு மேல் கிடையாது. குடை, பஸ் லேட், சமையல், பல் வலி, துணி துவைப்பது, பக்கத்து வீட்டு நாய் - இப்படி. ரயிலில் வெறுமனே கேட்பார். என்ன சொன்னார்கள் என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்த முணுமுணுப்புதான் நாம் பார்த்தது. ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நோட்டில் எழுதுவார். அதற்குப் பிறகுதான் அச்சில் உள்ள பேச்சை எடுத்து ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுதுவார். மறுநாள் காலை அந்தச் சிவப்பு இடங்களுக்காக மட்டும் இன்னொரு தடவை கேட்பார்.

நோட்டைக் காட்டினார். நமக்கே ஆச்சரியம்! 'டிடர்ஜென்ட்' சரியாக எழுதியிருக்கிறார். 'டெம்பரேச்சர்' சரி. சிவப்பு மையில் இருப்பதெல்லாம் 'ஆஃப்', 'டு', 'ஹேவ்', 'அட்'.

"பெரிய வார்த்தையில தப்பே இல்லே சார். இந்தக் குட்டிங்கதான் என்னை ஃபெயில் ஆக்கிச்சு!"

துணி, குடை என்று ஏன்? தெரியாத விஷயம் என்றால் மூளை அர்த்தத்தைத் தேடி ஓடும், சத்தம் கைவிட்டுப் போகும். துணி துவைப்பது தெரிந்த சங்கதி. காது நிதானமாக வேலை செய்யும். இன்னொன்று, வார்டில் கிழவர்கள் உலக அரசியலா பேசப்போகிறார்கள்? போர்வை, டீ, முதுகு வலிதான். "ஸ்பெண்ட் எ பென்னி" என்று ஓர் இங்கிலாந்துப் பாட்டி சொன்னால் காசு செலவு பண்ணப் போகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. பாத்ரூம் போக வேண்டும் என்று அர்த்தம்! பொதுக் கழிப்பிடத்துக்கு ஒரு பென்னி கட்டணம் இருந்த காலத்தில் பிறந்த பேச்சு அது.

15-ஆ, 50-ஆ?

பாட்டியை விடப் பெரிய ஆபத்து எண்ணில் இருக்கிறது. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. 'டீன்' நீண்டு 'ன்'னில் முடியும், 'டி' சட்டென்று நிற்கும். ஆனால் பின்னால் 'மில்லிகிராம்' வந்தால் அந்த 'ன்' அதோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடும். மருந்து 15 மில்லிகிராமா, 50-ஆ? அதனால்தான் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று பிரித்துச் சொல்லித் திருப்பிக் கேட்டுக்கொள்ளும்படி நர்சுகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். இந்தப் பெண்ணின் நோட்டில் எண்களுக்கென்றே நாலு பக்கம்.

இப்படிச் சின்னப் பேச்சு கேட்டுப் பழகுவது நேற்று வந்த சமாச்சாரம் அல்ல. பி.பி.சி. 1943-லேயே ரேடியோவில் இங்கிலீஷ் பாடம் தொடங்கியது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபரில் சுமார் 1,500 வார்த்தைகளை மட்டும் வைத்து மெதுவாகப் பேசும் நிகழ்ச்சியை ஆரம்பித்தது. சிற்றலை ரேடியோவைத் திருகித் திருகிக் கேட்டவர்கள் உண்டு. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு அந்த நிலையத்தின் ஊழியர்களைக் கூண்டோடு விடுப்பில் அனுப்பியது. பி.பி.சி.யின் ஆறு நிமிஷப் பேச்சுகள் செல்போனில் காசில்லாமல் கிடைக்கின்றன, அச்சடித்த பேச்சோடு.

செல்போனில் வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். முதல் வாரத்துக்கு அது சரி. பரீட்சையில் அந்த பட்டன் கிடையாது!

'30 நாளில் இங்கிலீஷ்' போஸ்டர்களைப் பற்றிக் கேட்டதும் நர்ஸ் சிரித்தார். "எனக்கு நாலு மாசம் ஆச்சு. முதல்ல ஒரு பக்கத்துல இருபது சிவப்பு. இப்போ அஞ்சு."

பரீட்சை அடுத்த மாதம்.

பார்க் ஸ்டேஷன் வந்தது. பிளாட்பாரத்தில் ஒலிபெருக்கி இங்கிலீஷில் ஏதோ அறிவித்தது.

"இது மட்டும் ஒரு எழுத்து விடாம புரியுது சார்" என்று சொல்லிவிட்டு, ஒயரைக் காதில் செருகிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிப் போனார்.