ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது?

வலது கால் வலுவிழந்த ஒருவர் ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? மேலே படிக்கும் முன் உங்கள் விடையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் இதை நான் கேட்கும்போதெல்லாம் பெரும்பாலான மாணவர்கள் வலது கை என்றே சொல்கிறார்கள். சாயும் சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே முட்டுக் கொடுப்பதில்லையா என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியான விடை இடது கை. காரணத்தைத் தேடப் பள்ளிப் பாடத்தில் வரும் நெம்புகோல் தத்துவமே போதும்.

இது வெறும் புதிர் அன்று. ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 55. மூன்று வயதில் போலியோ என்னும் இளம்பிள்ளை வாதம் கண்டு வலது கால் மெலிந்துவிட்டது. பத்து ஆண்டுகளாக நீரிழிவும் இருக்கிறது. ஒற்றை அறை வாடகை வீட்டில் தனியாக இருந்து தையல் வேலை செய்து வாழ்கிறார். கையில் மிஞ்சும் பணம் கொஞ்சம். கடுமையான உடற்குறை உள்ள ஏழைகளுக்கு மைய அரசு தரும் மாத உதவித்தொகை 2012-இல் 300 ரூபாயாக்கப்பட்டது என்பதை வைத்து, இத்தகையோர் எந்த அளவில் செலவுக் கணக்குப் போடவேண்டியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒருமுறை எலும்பு முறிந்தால் தையல் நிற்கும், வாடகை நிற்கும், பிறகு யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். எனவே ஒவ்வோர் அடியிலும் எவ்வளவு விசை செலவாகிறது என்பது அவருக்கு வாழ்க்கைக் கணக்கு.

இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் நம் நாட்டில் கடைசியாக நோய் கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என்று உலக நல நிறுவனம் சான்றளித்தது. நோய் போய்விட்டது, நோய் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு நடு வயதுக்குப் பிறகு ஒரு புதுத் தொல்லை வருகிறது. இந்தக் கிருமி முதுகுத் தண்டில் உள்ள இயக்க நரம்புச் செல்களை அழிக்கிறது. தப்பிப் பிழைத்த செல்கள் புதுக் கிளைகளை நீட்டி, ஆதரவற்றுப்போன தசை நார்களையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றன. பத்துப் பிள்ளைகளை வளர்க்கும் வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது போல. பல ஆண்டுகள் இது நன்றாகவே நடக்கும். 15 ஆண்டுகளோ 40 ஆண்டுகளோ கழித்து, அளவுக்கு மீறிச் சுமந்த இந்தச் செல்களின் கிளைகள் ஒவ்வொன்றாக ஓயத் தொடங்குகின்றன என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பழைய நோய் மறுபடி தொற்றுவதில்லை. ஆனால் புதிய தளர்ச்சியும் சோர்வும் வருகின்றன. களைத்துப் போகும்வரை உழைக்காதீர்கள் என்று மருத்துவர்கள் இவர்களிடம் சொல்வது இதனால்தான். இவருக்கு விசை என்பது மாதச் சம்பளம் போன்றது, முன்பணம் கிடைக்காது.

இனி இடுப்புக்கு வருவோம். எழுந்து நின்று, வலது கையை வலது இடுப்பின் வெளிப்புறத்தில் வைத்துக்கொண்டு இடது காலைத் தூக்கிப் பாருங்கள். கைக்கு அடியில் ஒரு தசை இறுகுவது தெரியும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நாம் இப்படித்தான் ஒற்றைக் காலில் நிற்கிறோம்.

உடல் எடை 60 கிலோ என்று கொள்வோம். ஊன்றிய காலின் எடை 10 கிலோ போக, மீதி 50 கிலோவை இடுப்பு மூட்டு தாங்க வேண்டும். இந்த 50 கிலோ மூட்டுக்கு நேர் மேலே இல்லை. உடலின் நடுக்கோட்டில், மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆகவே உடலை இடப்பக்கம் சாய்க்கும் திருப்புத்திறன் 50 × 10 = 500. இதை எதிர்த்து இழுப்பது நீங்கள் தொட்டுப் பார்த்த அந்தத் தசை. அது மூட்டுக்கு வெளியே சுமார் 5 செ.மீ. தொலைவிலேயே இருக்கிறது. எனவே அது 100 கிலோ விசையோடு இழுத்தாக வேண்டும். மூட்டின் மேல் விழும் மொத்தச் சுமை 50 + 100 = 150 கிலோ. அறுபது கிலோ மனிதரின் இடுப்பில் நூற்றைம்பது கிலோ! தராசின் ஒரு கை குட்டையாக இருப்பதன் விளைவு இது.

நம் பெண்மணியின் வலது இடுப்புத் தசையால் அந்த 100 கிலோவைத் தர முடியாது. அதனால் அவர் ஒவ்வோர் அடியிலும் மேலுடலை வலப்பக்கம் வீசிச் சாய்க்கிறார். அப்போது நடுக்கோடு மூட்டுக்கு அருகில் வந்து, அந்த 10 செ.மீ. குறைகிறது, தசைக்கு வேலை குறைகிறது. தெருவில் பார்ப்பவர்கள் நொண்டல் என்று சொல்லும் நடை, உண்மையில் உடல் தானே போட்டுக்கொண்ட நெம்புகோல் கணக்கு.

இப்போது இடது கையில் ஊன்றுகோலைக் கொடுங்கள். அவர் அதை 5 கிலோ விசையோடு மட்டும் அழுத்தட்டும். இடது கை வலது மூட்டிலிருந்து 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது. கோல் தரும் திருப்புத்திறன் 5 × 40 = 200. மீதி 300-க்குத் தசை 60 கிலோ இழுத்தால் போதும். மூட்டுச் சுமை 50 – 5 + 60 = 105 கிலோ. ஐந்து கிலோ கொடுத்து நாற்பத்தைந்து கிலோவை மிச்சப்படுத்துகிறோம். வலது கையில் பிடித்தாலோ கோல் மூட்டுக்கு வெளியே 20 செ.மீ. தொலைவில் மேல்நோக்கித் தள்ளுகிறது. அதாவது உடலை இடப்பக்கமே மேலும் சாய்க்கிறது. தசை 120 கிலோ இழுக்கவேண்டி வரும். முட்டு என்று நினைத்தது சுமையாகிவிடுகிறது.

இது அசையாமல் நிற்கும் உடலுக்கான எளிய கணக்கு. அளவுக் கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளில் அளந்தபோது சுமை குறைவது இதைவிடச் சிறிதாகவே தெரிந்தது. ஆனாலும் குறைவது உண்மை. முழங்கால் மடிந்துபோவதுதான் ஒருவரின் குறை என்றால் கணக்கு வேறு. தொடையில் கை ஊன்றி நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டுகிறார்கள். அவர்களுக்கு இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்வதே சரி.

இதே கணக்கிலிருந்து, நான் முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பளித்த ஒன்று வெளிவருகிறது. காய்கறிப் பையை எந்தக் கையில் தூக்குவது? 5 கிலோ பையை வலது கையில், அதாவது வலுவற்ற பக்கத்தில் தூக்கினால் அது எதிர் எடையாகிறது: 500-இல் 100 கழிந்து, தசைக்கு 80 கிலோவே வேண்டும்; மூட்டுச் சுமை 50 + 5 + 80 = 135. வெறுங்கையோடு நடப்பதைவிடக் குறைவு! அதே பையை இடது கையில் தூக்கினால் 195. கோல் இடது கையில், பை வலது கையில். செலவு ஒரு காசும் இல்லை.

கோலின் நீளமும் முக்கியம். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் குல்லாயைத் தேய்ந்தவுடன் மாற்றுங்கள். கோல் செங்குத்திலிருந்து 15 டிகிரி சாய்ந்தால், வழுக்காமல் நிற்க உராய்வுக் கெழு 0.27-க்குக் குறையக் கூடாது. உலர்ந்த சிமெண்டுத் தரையில் இது தாராளமாகக் கிடைக்கும். சோப்பு நீர் படர்ந்த வழவழப்பான டைல்ஸில் கிடைக்காமல் போகலாம். எனவே குளியலறையில் கோலை நம்பாமல், சுவரில் ஒரு துண்டு இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்துக்கொள்வதே நல்லது. வீட்டுக்காரர் சுவரில் துளை போட ஒப்புக்கொள்வதுதான் இதில் கடினமான பகுதி. அதற்கு இயற்பியலில் வழி இல்லை.

அடுத்தது தண்ணீர். 15 லிட்டர் குடத்தை ஒரு மீட்டர் உயரம் தூக்கச் செய்யும் வேலை ஏறக்குறைய 147 ஜூல். உடல் அதற்காகச் செலவிடுவது அதைப்போல் நான்கைந்து மடங்கு. ஒரு யூனிட் மின்சாரத்தில் இருப்பது 36 லட்சம் ஜூல்; வீணாகாமல் பயன்படுத்த முடிந்தால் 24,000 குடங்களைத் தூக்கிவிடும். சில ரூபாய்க்கு விற்கும் இந்த வலிமையை நாம் மதிப்பதே இல்லை. தையல் இயந்திரத்தில் 100 வாட்டுக்கு மேற்படாத சிறு மோட்டாரைப் பொருத்தினால் பத்து மணி நேர வேலைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகாது. அவருடைய நல்ல காலும் பெடலிலிருந்து விடுதலை பெறும். தண்ணீருக்கு மோட்டார் கூட வேண்டாம். பீப்பாயை ஒரு முக்காலியின் மேல் வைத்து, குழாயிலிருந்து ரப்பர் ட்யூப் மூலம் நிரப்பிக்கொண்டால், கீழே வைத்த பாத்திரத்துக்குப் புவியீர்ப்பே நீரை இறக்கித் தருகிறது. சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் கஞ்சி வடிப்பது ஒற்றைக் கால் வலுவில் நிற்பவருக்கு ஆபத்தான வேலை. அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் வேகவைத்து, உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடி சமைப்பது மேல்.

களைப்பான நாட்களில் சக்கர நாற்காலி தேவைப்படும். நாற்காலியும் மூன்று சக்கர வண்டியும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால் வாசற்படி? 15 செ.மீ. உயரப் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நம் நாட்டுக் கட்டட நெறிகள் சொல்லும் 1:12 சரிவு அதுதான். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஏற 7 கிலோவுக்குச் சற்றே குறைந்த விசை தேவை. இடம் இல்லை என்று 90 செ.மீ. பலகையைச் சாய்த்துப் போட்டால் அது 13 கிலோவைத் தாண்டும். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. தோள்கள்தான் வேறுபாட்டை உணரும்.

மாலையில் செருப்பைக் கழற்றும்போது நீரிழிவு நினைவுக்கு வரவேண்டும். நாட்பட்ட நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. செருப்புக்குள் கால் சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு கல் கிடந்து, அதன்மேல் 5 கிலோ விழுந்தால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 20 கிலோ. உணர்ச்சி உள்ளவர் அடுத்த அடியிலேயே உதறிவிடுவார். உணராதவர் மாலைவரை நடப்பார். வேலூரில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் செய்த பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர் வற்புறுத்திய உண்மை இதுதான்: புண்ணுக்குக் காரணம் நோய்க் கிருமி அன்று, உணரப்படாத அழுத்தம். எம்.சி.ஆர். செருப்பின் மென்மையான ரப்பர் அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. நீரிழிவுக்காரர்களும் இப்போது அதை அணிகிறார்கள். உள்ளங்காலைப் பார்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லாதவர், தரையில் சுவரோடு சாய்த்து வைத்த ஒரு கண்ணாடியின் முன் பாதத்தைத் தூக்கிக் காட்டினால் போதும். கன்றிய சிவப்பு முதல் நாளிலேயே தெரிந்துவிடும். வெந்நீரைக் காலால் சோதிக்கக் கூடாது. முழங்கையால் சோதிக்க வேண்டும்.

கடைசியாக இன்சுலின். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்துவதை 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாமல், பெரும்பாலும் 4 வாரம் வைத்துக்கொள்ளலாம். குப்பியோடு வரும் தாளில் அளவு இருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத அறையில், 38 டிகிரி வெயிலில் என்ன செய்வது? இரண்டு மண்பானைகள் வேண்டும். பெரிய பானைக்குள் சிறிய பானை, இடையே ஈர மணல், மேலே ஈரத்துணி. உட்பானையில், நீர் புகாத மூடியிட்ட டப்பாவில் குப்பி. நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் காய்கறி கெடாமல் இருக்க இதே அமைப்பைப் பரப்பி 2000-இல் ரோலக்ஸ் விருது பெற்றார். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. முன்னே பார்த்த யூனிட் கணக்கில் அது மூன்றில் இரண்டு பங்கு!

பானை எவ்வளவு குளிரும் என்பதைத் தீர்மானிப்பது காற்றின் ஈரம். வேலூர் போன்ற உள்நாட்டில் 38 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு உள்ள பிற்பகலில் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 26 டிகிரி. பானை அதை எட்டாவிட்டாலும் அதை நோக்கி இறங்கும். சென்னைக் கடற்கரையில் 34 டிகிரி, 70 விழுக்காடு ஈரம் என்றால் அந்த எல்லையே 29 டிகிரி. ஆகவே பானைக்குள் ஒரு வெப்பமானியைப் போட்டு, பிற்பகலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்குக் கென்யாவின் ஓர் அகதி முகாமில் பதிவான, 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பநிலையை ஜெனீவாவில் ஆய்வகத்தில் உண்டாக்கி, அதில் இன்சுலினை 4 வாரம் வைத்துச் சோதித்தார்கள். அதன் வீரியம் குறையவில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021-இல் வெளியிட்டன. இதைக் கண்டு அலட்சியம் வேண்டாம்; வீட்டில் எப்படி வைக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு சமயத்தில் ஒரு குப்பிக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். அடுத்தது மருந்துக் கடைக் குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும்.

மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். பானையைக் காற்றோட்டமான நிழலில், முக்காலியின் மேல் ஒரே இடத்தில் நிலையாக வைத்து, நீரைச் சொம்பில் கொண்டுவந்து ஊற்றிக்கொள்ளலாம். பானையைத் தூக்கும் வேலையே வராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பானை ஏறக்குறைய வேலை செய்யாது. ஆனால் அப்போது அறையே பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும்.