அந்நியப் பணமும் நம்ம ஓட்டும்



2025 பிப்ரவரியில் எங்க ஊர் கரிவலம்வந்தநல்லூர் டீக்கடையில் ஒரே சத்தம். இந்தியாவில் ஓட்டுப்பதிவை அதிகரிக்க அமெரிக்கா 2 கோடியே 10 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்ததாக அந்த நாட்டு அரசே சொன்ன செய்தி அன்று பேப்பரில் வந்திருந்தது. "ஒங்க கட்சிக்குத்தான் வந்திருக்கும்" என்று ஒருத்தர். "இல்ல, ஒங்களுக்குத்தான்" என்று இன்னொருத்தர். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "ஏல, நீ படிக்கிற பையன்லா! நெசமாவே அந்தப் பணம் வந்துச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அதனால் தேடிப் படித்தேன். அந்தத் தொகை 2022-ல் வங்கதேசத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஆவணங்களைக் காட்டி எழுதியது. இந்தியாவில் ஓட்டுப்பதிவுக்காக அப்படிப் பணம் எதுவும் தரப்படவில்லை என்று அமெரிக்கத் தூதரகம் தெரிவித்ததாக, 2025 ஆகஸ்டில் அரசு மாநிலங்களவையில் சொன்னது. டீக்கடையில் சண்டை போட்ட இரண்டு பேரும் ஆதாரமில்லாமல்தான் சண்டை போட்டார்கள்!

அப்படியானால் அந்நியத் தலையீடே பொய்யா? அதுவும் இல்லை.

பழைய கதை

ஆற்காட்டு நவாப் பதவிக்கு நடந்த சண்டையில் முகமது அலிக்கு ஆங்கிலேயரும், சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை வந்தார்கள். முகமது அலி ஜெயித்தார். ஆனால் ஆங்கிலேயருக்குக் கடனாளி ஆனார். அந்தக் கடனுக்கு வரி வசூலிக்க 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு நம்ம பக்கத்து நெற்கட்டும்செவல் வரைக்கும் வந்தார். பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தது நமக்குத் தெரியும். நாம் கவனிக்க வேண்டியது, சண்டையில் உதவிக்கு வந்தவன் கணக்கை யாரிடம் தீர்த்தான் என்பதை!

சுதந்திரம் வாங்கிய பிறகும் இது நிற்கவில்லை. 1973 முதல் 1975 வரை இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் மொய்னிஹான். கேரளாவிலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகள் ஜெயிக்காமல் இருக்க, காங்கிரசுக்கு இரண்டு தடவை தங்கள் நாடு பணம் கொடுத்தது என்று 1978-ல் அவர் புத்தகமே எழுதினார். சோவியத் உளவுத்துறையின் பணமும் இங்கே விளையாடியது என்று 2005-ல் வெளியான மித்ரோகின் ஆவணப் புத்தகம் சொன்னது. சம்பந்தப்பட்ட கட்சிகள் இரண்டையும் மறுத்தன. கணக்கு நோட்டு திறந்திருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும்.

அரசு செய்தது என்ன?

"அந்நியக் கை" என்ற பேச்சு எழுபதுகளில் பலமாக ஒலித்தது. 1975-ல் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1976-ல் நடக்க வேண்டிய தேர்தல் 1977-க்குத் தள்ளிப்போனது. அதே காலத்தில்தான், 1976-ல், வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. கட்சிகள், வேட்பாளர்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள், நீதிபதிகள், பத்திரிகை ஆசிரியர்கள் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

தூத்துக்குடியில் தாமிர ஆலை நடத்திய ஸ்டெர்லைட் உள்ளிட்ட வேதாந்தா குழுமக் கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கியதில், காங்கிரஸ், பாரதிய ஜனதா இரண்டு கட்சிகளுமே இந்தச் சட்டத்தை மீறியதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. நடவடிக்கை வரவில்லை, சட்டம்தான் மாறியது! வெளிநாட்டார் கையில் பாதிக்கு மேல் பங்கு இருந்தாலும், அது அரசு அனுமதித்த முதலீட்டு வரம்புக்குள் இருந்தால் அந்தக் கம்பெனியின் பணம் அந்நியப் பணம் ஆகாது என்று 2016-ல் திருத்தினார்கள். 2018-ல் அந்தத் திருத்தத்தை 1976 வரைக்கும் பின்னால் இழுத்தார்கள்.

அப்புறம் தேர்தல் பத்திரம். யார் கொடுத்தது என்று மக்களுக்குத் தெரியாது. இதில் அந்நியப் பணம் வந்தால் கண்டுபிடிக்க முடியாது என்று தேர்தல் ஆணையமே 2017-ல் கடிதம் எழுதியது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது.

நாம் செய்ய வேண்டியது

நம்ம லேபில் ஒரு லைனில் லீக்கேஜ் என்றால் என்ன செய்கிறோம்? மெக்கர் வைத்துப் பார்க்கிறோம். கோளாறு உள்ள இடத்தைத் தனியாகப் பிரித்துச் சரிசெய்கிறோம். ஊர் முழுக்க கரண்டை நிறுத்துவதில்லை. நாடும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

1. முதலில் ஆதாரம். குற்றம் சொல்லும் அரசு அதை நீதிமன்றத்திலும் மக்கள் முன்னாலும் வைக்க வேண்டும்.

2. கட்சிக் கணக்கு முழுவதும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

3. ஆளும் கட்சிக்கும் அதே சட்டம். விசாரிப்பவர் அரசின் கைக்குள் இருக்கக் கூடாது.

4. தேர்தலையே நிறுத்துவது கடைசி வழி. ருமேனியாவில் சமூக வலைத்தளப் பிரசாரத்தில் அந்நியத் தலையீடு என்ற உளவுத் தகவல்களை வைத்து, 2024 டிசம்பர் 6-ல் அதிபர் தேர்தலையே அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. மறுதேர்தல் 2025 மே மாதம் நடந்தது. ஓட்டுப் போட்ட மக்கள் அந்தச் சில மாதம் என்ன நினைத்திருப்பார்கள்?

கடைசியாக ஒன்று. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. போன தேர்தலில் எங்க தெருவுக்கும் கவர் வந்தது. அம்மா வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அந்தப் பணம்தான் என் பரீட்சை ஃபீஸ் ஆனது. அது உள்ளூர்ப் பணமா, கடல் தாண்டி வந்த பணமா? நோட்டைப் பார்த்தால் தெரியுமா? வாங்குவதற்குத் தெருவில் ஆள் இருக்கும்வரை, கொடுப்பதற்கு எந்த நாட்டுக்காரனும் வருவான்.

எனக்கு இப்போது பதினெட்டு. படிவம் 6 எழுதிக் கொடுத்துவிட்டேன். லீவில் ஒயரிங் வேலைக்குப் போய் அடுத்த ஃபீசுக்கும் சேர்த்துவிட்டேன். "இனிமே கவர் வாங்க வேண்டாம்மா" என்றேன். அம்மா, "சரிய்யா, ஒன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள்.

நண்பர்களே, நம்மில் பல பேருக்கு இதுதான் முதல் ஓட்டு. அப்பா கேட்டது மாதிரி வீட்டில் நம்மையும் கேட்பார்கள். தெரிந்து பதில் சொல்வோம்!

- எலெக்ட்ரிகல் மூன்றாம் ஆண்டு மாணவன், கரிவலம்வந்தநல்லூர்