‘மயக்கமா வருது டாக்டர்!’

நம்மூர் கிளினிக்குகளில் அதிகம் காதில் விழும் புகார் இது. கேட்டதும் டாக்டர் மருந்து எழுதிவிட முடியாது. கேள்விதான் கேட்க முடியும்.

“எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வருதாம்மா?”

“இல்ல சார், புரண்டு படுத்தா வீடே சுத்துது.”

இந்தப் பதிலில் சிகிச்சையே மாறிவிடுகிறது. எழும்போது கண் இருட்டினால், ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். புரண்டு படுக்கையில் சுற்றினால், பெரும்பாலும் உள்காதில் கோளாறு. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கினால், ரத்தச் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே போயிருக்கலாம். நினைவு தப்பி விழுந்தவருக்கு இதயத் துடிப்பையும் சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நாம் சொல்வது ‘மயக்கம்’தான்.

‘பிரஷர்’ இன்னொரு குழப்பம். ‘எனக்குக் கோபமே வராது, பிரஷர் எப்படி இருக்கும்?’ என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. கோபம், டென்ஷன் எதுவும் இல்லாத சாதுவுக்கும் 160/100 இருக்கலாம். தலைவலிகூட இல்லாமலே இருக்கலாம்.

‘மஞ்சள் காமாலை’யை ஒரு நோய் என்றே நினைக்கிறோம். உண்மையில் அது அறிகுறி. ரத்தத்தில் சுமார் 1 மில்லி கிராம் வரை இருக்க வேண்டிய பிலிருபின், இரண்டு மூன்றைத் தாண்டினால் கண் மஞ்சளாகும். அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ காரணமென்றால், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். பித்தக் குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்திருந்தால், பத்தியம் இருக்கும் நாட்களெல்லாம் நஷ்டம். உடம்பு அரிப்பும், வெளிறிய மலமும் அந்த அடைப்புக்கான தடயங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் ‘கேஸ்’. மாரடைப்பு சிலருக்கு மேல்வயிற்றில் அழுத்தமாக, ஏப்பம் வராத தவிப்பாக வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் போகலாம். ‘வாயுதான்’ என்று சோடா குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

எனவே டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். எங்கே, எப்போது, என்ன செய்யும்போது, எவ்வளவு நேரம் என்று உடம்பில் நடப்பதை மட்டும் சொல்லுங்கள். நெஞ்சோ மேல்வயிறோ அழுத்தி, வியர்த்துக் கொட்டினால், ‘கேஸா’ என்று யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். அது வாயுவா, மாரடைப்பா என்பதை ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் முடிவு செய்யட்டும்.