போரைத் தொடங்க ஒருவர் போதும்; நிறுத்த?

அமெரிக்கா கடைசியாக முறைப்படி போர்ப் பிரகடனம் செய்தது 1942 ஜூனில்; பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளுக்கு எதிராக. அதன் பிறகு கொரியா, வியட்நாம், இராக், ஆப்கானிஸ்தான், லிபியா என்று அதன் படைகள் சண்டையிடாத கண்டம் குறைவு. எதற்கும் பிரகடனம் கிடையாது.

அந்நாட்டு அரசியல் சாசனம் போர் அறிவிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றமான காங்கிரஸிடம்தான் தந்திருக்கிறது. அதிபர் படைகளின் தலைமைத் தளபதி. திடீர்த் தாக்குதல் வந்தால் அவர் யாரையும் கேட்காமல் திருப்பி அடிக்கலாம் என்பதையும் 1787இல் சாசனத்தை எழுதியவர்கள் விவாதித்தே ஏற்றார்கள். வலியப் போய்ப் போர் தொடுப்பதை மட்டும் தனி ஒருவரின் கையில் விட அவர்கள் துணியவில்லை.

அந்த வரம்பை 1950இல் ட்ரூமன் மீறினார். காங்கிரஸைக் கேட்காமலே கொரியாவுக்குப் படை அனுப்பினார். 1964இல் நடந்தது அதைவிடக் கவலைக்குரியது. டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாக ஜான்சன் அரசு சொன்னது. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அதை நம்பிய பிரதிநிதிகள் சபை 416-0 என்றும், செனட் 88-2 என்றும் வாக்களித்து, வேண்டியதைச் செய்துகொள்ள அதிபருக்கு அனுமதி தந்துவிட்டன. வியட்நாம் போர் அந்த ஒரு தீர்மானத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

சூடுபட்ட காங்கிரஸ் 1973 நவம்பரில், நிக்சனின் வீட்டோவையும் முறியடித்து, போர் அதிகாரச் சட்டத்தை நிறைவேற்றியது. படையைச் சண்டையில் இறக்கினால் அதிபர் 48 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாட்களில் நிறுத்த வேண்டும். பின்வாங்க மேலும் 30 நாட்கள். இடையிலேயே இரு அவைகளும் தீர்மானம் போட்டுப் படையைத் திருப்பி அழைக்கலாம், அதிபரின் கையெழுத்து தேவையில்லை.

சட்டத்தின் உயிர் இந்தக் கடைசி வரியில்தான் இருந்தது. அதைப் பறித்தது போருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடியேற்ற வழக்கு. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரை நாடு கடத்தும் பிரச்சினையில், அதிபருக்கு அனுப்பாத தீர்மானத்தால் அரசைக் கட்டுப்படுத்த முடியாது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு போரை நிறுத்தும் தீர்மானமும் அதிபரின் மேசைக்குப் போயாக வேண்டும். அவர் வீட்டோ செய்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2019இல் ஏமன் போருக்கு அளித்த உதவியை நிறுத்தச் சொன்ன தீர்மானம் இரு அவைகளிலும் நிறைவேறியும், ட்ரம்ப் வீட்டோ செய்ததால் செத்துப்போனது. செனட்டில் 53 பேர் மீண்டும் ஆதரித்தார்கள். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு 66 பேர் தேவைப்பட்டார்கள்.

60 நாள் கெடுவும் தப்பவில்லை. 2011இல் லிபியாவில் குண்டு வீசியபோது, இது சட்டம் குறிப்பிடும் அளவுக்கான 'சண்டை' அல்ல என்று ஒபாமா அரசு வாதிட்டு, கெடு தாண்டியும் தொடர்ந்தது.

காங்கிரஸிடம் மிஞ்சியிருக்கும் வலுவான ஆயுதம் கஜானா சாவி. அது வேலை செய்திருக்கிறது. 1973இல் நிதியை வெட்டிச் சட்டம் இயற்றியதால்தான், அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி கம்போடியா மீதான அமெரிக்கக் குண்டுவீச்சு நின்றது.