அறுந்த நரம்பு மீண்டும் வளருமா? எலிக்கு ஊசி குத்தி 'கரண்ட்' பாய்ச்சிய தைவான் ஆராய்ச்சியாளர்கள்!

கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் நரம்பு அறுந்து போகிறது. தையல் பிரித்தாச்சு, தழும்பும் மங்கிப் போச்சு. ஆனால் விரல் மட்டும் மரக்கட்டை! சூடு தெரியாது. சட்டைப் பொத்தான் போட முடியாது.

நரம்பு என்றதும் ரத்தக் குழாயை நினைத்துவிட வேண்டாம். (நம்ம ஊரில் இரண்டுக்கும் அதே பெயர்தான்!) இது மூளையின் உத்தரவைக் கைகாலுக்குக் கொண்டு போகும் 'ஒயர்'.

ஒயரை முறுக்கிவிட்டால் பல்பு எரிந்துவிடும். நரம்பு அப்படி இல்லை. வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் செத்துப் போகும், உறைதான் மிஞ்சும். வாலர் என்ற ஆங்கிலேயர் 1850-லேயே இதைச் சொல்லிவிட்டார். மேலே இருந்து புது இழை முளைத்து வரவேண்டும். வேகம்? நாளைக்கு 1 மில்லி மீட்டர். மாதத்துக்கு ஒரு அங்குலம்!

சதை காத்திருக்குமா?

நத்தையே தேவலை! தோள் பக்கம் அறுந்தால் இழை விரலுக்கு வந்து சேர ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகிவிடும். அதற்குள் சதை சூம்பிவிடும். அப்புறம் நரம்பு வந்து என்ன பிரயோஜனம்? விரல் அசைவது கஷ்டம்தான்.

நரம்பில் ஒரு துண்டே போய்விட்டால் 'ஒட்டு' வைக்க வேண்டும். நோயாளியின் கெண்டைக்காலில் ஓடும் உணர்ச்சி நரம்பை வெட்டி எடுத்துக் கையில் வைத்துத் தைப்பார்கள். கைக்கு வழி பிறக்கும், பாதத்தின் வெளி ஓரம் மரத்துப் போகும்!

காலில் கத்தி வைக்காமல் தப்ப ஒரு வழிதான் குழாய். அறுந்த இரு முனைகளையும் குழாய்க்குள் நுழைத்துவிட்டால் இழை உள்ளேயே ஊர்ந்து போகும். ஆனால் சின்ன இடைவெளிக்குத்தான் இது சரிப்படும்.

ஊசியும் குழாயும்

பாதை போட்டாச்சு. வேகத்துக்கு என்ன செய்வது?

தைவானில் தைச்சுங் நகர ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் எலியின் கால் நரம்பை வெட்டி, சிலிக்கோன் ரப்பர் குழாய் வைத்தார்கள். கூடவே அக்குபங்சர் ஊசி குத்தி, லேசாக 'கரண்ட்'டும் கொடுத்துப் பார்த்தார்கள். இழைகள் வளர இது கை கொடுப்பதாக அறிவித்தார்கள். நரம்பு வளர உதவும் புரதங்களை மின்சாரம் தூண்டிவிடுகிறதாம்.

எலிக்குச் சரி, மனுஷனுக்கு? கனடாவில் எட்மண்டன் டாக்டர்கள் மணிக்கட்டு நரம்பு நசுங்கியவர்களுக்கு ஆபரேஷன் செய்த கையோடு ஒரு மணி நேரம் மின்சாரம் கொடுத்தார்கள். இழைகள் சீக்கிரம் சதையைத் தொட்டன என்று 2010-ல் அறிவித்தார்கள். ஆனால் அங்கே அக்குபங்சரும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆகவே 'ஆபரேஷன் வேண்டாம், ஊசியே போதும்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அறுந்த நரம்பைத் தைத்தே ஆகவேண்டும்.

தட்டினால் 'சுரீர்'!

உள்ளே இழை வளருகிறதா என்று எப்படித் தெரியும்? டாக்டர் நரம்பின் மேல் விரலால் தட்டுவார். இழையின் நுனி இருக்கும் இடத்தில் 'சுரீர்' என்று ஷாக் அடித்த மாதிரி இருக்கும். அடுத்த மாதம் அந்தச் 'சுரீர்' ஒரு அங்குலம் கீழே இறங்கியிருந்தால், நரம்பு வந்துகொண்டிருக்கிறது!