ஊளையிடும் கார்: பணிமனைக்குப் போகும் முன் அறிய வேண்டியவை

நடுத்தரக் குடும்பம் கடன் பெற்று வாங்கும் பொருள்களுள் வீட்டுக்கு அடுத்தபடியாக நிற்பது கார். ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள் தவணை செலுத்தி உடைமையாக்கிக்கொள்ளும் அந்த வாகனம், ஒரு நாள் நெடுஞ்சாலையில் மெல்லிய ஊளைச் சத்தத்தை எழுப்பத் தொடங்கினால் உரிமையாளரின் மனம் கலங்குவது இயல்பே. அது ஒரு சிறு பேரிங்கின் தேய்மானமாக இருக்கலாம். கியர்பாக்ஸ் முழுவதையும் பிரித்துச் சீர்செய்ய வேண்டிய பழுதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஆகும் செலவோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வாகனக் கடன் பிரிவில் வாடிக்கையாளர்களோடு பழகும் நாங்கள், இச்சத்தத்தின் பிறப்பிடத்தை உரிமையாளரே ஓரளவு கண்டறியும் முறையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஆற்றல் செல்லும் வழி

எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்சில் என்னும் வரிசையில் சக்கரத்தைச் சென்றடைகிறது. நம் நாட்டில் ஓடும் சிறிய கார்களுள் மிகப் பலவற்றில் முன்சக்கரங்களே இயக்கம் பெறுகின்றன. அவற்றில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அமைந்து ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்ளும். பின்சக்கரங்கள் இயங்கும் வாகனங்களில் நீண்ட ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஒன்று ஆற்றலைப் பின்னுக்குக் கொண்டு செல்ல, அங்கே கிரவுன் வீலும் பினியனும் அதனைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும். இவ்வழியில் பல்லோடு பல் உராயும் இடமும், பேரிங் சுழலும் இடமும் ஊளைச் சத்தம் எழக்கூடிய இடங்களாகும்.

முதற்கேள்வி: எஞ்சின் வேகமா, வண்டி வேகமா?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்திப் பாருங்கள். நின்ற நிலையிலேயே சத்தம் கேட்டால், கிளட்சை முழுவதும் மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் மறைந்தால் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டிலுள்ள பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் எழுந்தால் பெரும்பாலும் கிளட்சின் ரிலீஸ் பேரிங்கே காரணம். மிதித்தாலும் விட்டாலும் மாற்றம் இல்லையெனில் ஆல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்பு, பெல்ட் இறுக்கி போன்ற எஞ்சினைச் சார்ந்த உறுப்புகளை நோக்க வேண்டும்; அப்போது கியர்பாக்ஸைத் தொட வேண்டிய தேவையே இராது.

ஓடும்போது மட்டும் கேட்கும் சத்தமாயின், ஒரே வேகத்தில் இரண்டு கியர்களில் ஓட்டிப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் சத்தத்தின் சுருதி மாறினால் அது எஞ்சின் வேகத்தைப் பின்பற்றுகிறது. மாறாமலிருந்தால் கியர்பாக்ஸைக் கடந்த உறுப்புகளான டிஃபரன்ஷியல், சக்கர பேரிங், டயர் ஆகியவற்றுள் ஒன்றே காரணம். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பற்சோடி தேய்ந்திருக்கக்கூடும். ரிவர்ஸ் கியரில் மட்டும் கேட்கும் ஊளையைக் கண்டு அஞ்ச வேண்டாம். பல கார்களில் அக்கியரின் பற்கள் சாய்வின்றி நேராக வெட்டப்பட்டிருப்பதால் அச்சத்தம் இயல்பானதே.

இரண்டாம் கேள்வி: சுமை மாறினால் சத்தம் மாறுகிறதா?

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஓங்கி, காலை எடுத்தவுடன் அடங்கும் சத்தம் பற்சக்கரங்களிலிருந்து வருவதாகும். காலை எடுத்த பின்னரே எழும் ஊளை, பற்களின் மறுபக்கத் தேய்மானத்தையோ பினியன் பேரிங்கின் தளர்வையோ உணர்த்தும். எப்படி அழுத்தினாலும் ஒரே சீராக ஒலித்து, வேகத்தோடு மட்டும் கூடினால் கவனம் சக்கரங்களின் பக்கம் திரும்ப வேண்டும்.

மூன்றாம் கேள்வி: வளைவிலும் சாலையிலும் என்ன நேர்கிறது?

கார் இடப்புறம் திரும்பும்போது எடை வலப்புறச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. அப்போது இரைச்சல் கூடினால் வலப்புற பேரிங்கையும், வலப்புறம் திரும்பும்போது கூடினால் இடப்புற பேரிங்கையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். மும்பை - புணே விரைவுச்சாலை போன்ற கான்கிரீட் சாலையில் மிகுந்து, தார்ச்சாலையில் குறையும் இரைச்சல் பெரும்பாலும் டயரினுடையது. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியதும் சத்தமும் இடம் மாறினால் ஐயம் தீர்ந்தது. ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது கேட்கும் டக், டக் என்னும் ஒலி ஆக்சில் மூட்டின் பழுதாகும். அதனை ஊளையோடு குழப்பிக்கொள்ளலாகாது.

எம் துறை நண்பர் ஒருவர் பணிமாற்றத்தில் நாக்பூர் சென்றபோது பழைய கார் ஒன்றை வாங்கினார். 60 கி.மீ. வேகத்தைக் கடந்தால் அது ஊளையிட்டது. ஒரு பணிமனை, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்றது. நண்பரோ எல்லாக் கியர்களிலும் ஒரே சுருதி, ஆக்சிலரேட்டரால் மாற்றமில்லை, வலப்புற வளைவில் மட்டும் சத்தம் கூடுகிறது என்று தாளில் குறித்து மற்றொரு பணிமனையில் காட்டினார். அவர்கள் இடப்பக்க முன்சக்கர பேரிங்கை மாற்றியதும் வண்டி அமைதியாயிற்று.

இச்சோதனைகளை நெரிசலற்ற சமதளச் சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே செய்யுங்கள். ஒருவர் ஓட்ட மற்றவர் கேட்டுக் குறிப்பெடுப்பது நலம். மலைச்சரிவில் நியூட்ரலில் செல்வதும், ஓடும் வண்டியின் எஞ்சினை அணைப்பதும் உயிருக்கே ஆபத்து.

எண்ணெயைப் பார்த்த பின்பே பிரிக்க வேண்டும்

எண்ணெய் குறைந்தால் பற்களும் பேரிங்குகளும் முதலில் ஊளையிடும், பின்னர் தேயும். மேனுவல் கியர்பாக்ஸ் பலவற்றில் எஞ்சினுக்கு இருப்பது போன்ற அளவுக்கோல் இராது. வண்டியைச் சமமாக உயர்த்தி, நிரப்பும் துளையின் மூடியைத் திறந்தே அளவைக் காண இயலும். வடிக்கும் மூடியின் காந்தத்தில் பசைபோல் நுண்துகள் ஒட்டியிருத்தல் இயல்பு. செதில்களோ உடைந்த பல்லின் துணுக்குகளோ கிடைத்தால் பிரித்தே ஆக வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். 2005-இல் மும்பையும், 2015-இலும் 2023-இலும் சென்னையும் கண்ட வெள்ளங்களை எண்ணினால், பழைய கார் வாங்குவோர் இச்சோதனையைத் தவிர்க்கலாகாது என்பது விளங்கும். எண்ணெயின் தரம் வாகனக் கையேட்டில் உள்ளபடியே இருத்தல் வேண்டும்.

கடனும் காப்பீடும்

பழைய கார்க் கடனுக்கு வங்கி பெறும் மதிப்பீட்டு அறிக்கை, கடன் தொகையை முடிவு செய்வதற்கானது. கியர்பாக்ஸின் நலத்துக்கு அது உறுதிமொழி அன்று. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் குறைந்தது அரைமணி நேரம், வானொலியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றியும் இறக்கியும் ஓட்டிப் பாருங்கள். நம்பகமான மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். வண்டி பணிமனையில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது என்பதை நினைவிற்கொள்க.

முழுமைக் காப்பீடு இருப்பினும் தேய்மானமும் இயந்திரப் பழுதும் பொதுவாக அதன் வரம்புக்கு வெளியே நிற்பவை. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டின் விதிகளையும் வரிவரியாகப் படித்தறிய வேண்டும். உற்பத்தியாளரின் நீட்டித்த உத்தரவாதம் உள்ளவர்கள், சத்தம் தோன்றிய உடனே எழுத்து மூலம் புகார் பதிவு செய்து, பராமரிப்பு ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது நன்று. காலக்கெடு முடிந்தபின் சொல்லும் புகாருக்கு வலு இராது.

பழுதுச் செலவைக் கடன் அட்டையில் செலுத்திக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவது, சத்தமின்றி வளரும் மற்றொரு பழுது. கார் வாங்கிய மாதத்திலேயே சிறு தொகையில் தொடர் வைப்புக் கணக்கொன்றைத் தொடங்கினால், டயர், பேட்டரி, பேரிங் என்று வரும் செலவுகளை அதுவே தாங்கும்.

பணிமனையில் “சத்தம் வருகிறது” என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எந்தக் கியரில், எவ்வளைவில் என்று எழுதிக் கொடுங்கள். பிரிப்பதற்கு முன் மதிப்பீட்டுச் செலவை எழுத்தில் பெறுங்கள்; மாற்றிய உறுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். சக்கர பேரிங்கின் சத்தத்தை மட்டும் நாள்கடத்த வேண்டாம். அது தளர்ந்தால் சக்கரமே ஆட்டம் காணும். அதில் பயணம் செய்வோர் நம் குடும்பத்தார்.