உங்களுக்குத் தெரியுமா? பால்வீதி வாயுவின் தடிமன்

பால்வீதி வட்டின் குறுக்களவு சுமார் 1,00,000 ஒளியாண்டு. ஆனால் விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த மூலக்கூறு வாயு, நடுத்தளத்துக்கு மேலும் கீழும் சில நூறு ஒளியாண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அணு ஹைட்ரஜன் இன்னும் சற்று உயரம் எழும்பும். ஏறத்தாழ 8,000 டிகிரி வெப்பத்தில் இருக்கும் அயனி வாயுவோ 3,000 ஒளியாண்டுக்கும் அப்பால் பரவிக் கிடக்கிறது!

விண்மீன்களின் ஈர்ப்பு வாயுவை நடுவுக்கு இழுக்கிறது. அது முழுக்கப் படிந்துவிடாமல் தாங்குவது வெப்பம் மட்டுமல்ல. சூப்பர்நோவாக்கள் கிளறிவிடும் கொந்தளிப்பு, காந்தப்புலம், காஸ்மிக் கதிர்கள் எல்லாமே கைகொடுக்கின்றன. விளிம்பை நெருங்க நெருங்க விண்மீன்கள் குறைவு, இழுப்பும் தளர்வு. அதனால் ஹைட்ரஜன் அடுக்கு அங்கே எக்காள வாய்போல் விரிகிறது. போதாக்குறைக்கு, ஒருபக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் வளைந்திருக்கிறது. 1951இல் ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ அலை பிடிபட்டது. அதை வைத்தே 1957க்குள் இந்த வளைவும் அம்பலமாகிவிட்டது.